எடுத்துக் கொடுக்காத வசனம்

அன்பு மகளுக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உன் சித்தியும் சுகம்தான், ஆனால் அதை அவள் வாயால் சொல்லவில்லை, நாலு நாளாக என்னிடம் பேச்சே இல்லை. அங்கே நீ குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

நியாயத்தை நீயே சொல். எங்கள் தையல் கூடத்து ஆண்டு விழாவுக்குக் கட்டிங் மாஸ்டர் ஒரு நாடகம் எழுதினார். ஊர்க் களஞ்சியம் எரிந்துபோகிறது, ஒருத்தியைச் சூனியக்காரி என்று பிடித்து விசாரிக்கிறார்கள், லாந்தரை அணைக்காமல் போன அவள் புருஷன் கல்லு மாதிரி நிற்கிறான், கடைசியில் ஒப்புக்கொள்கிறான். புருஷன் வேஷம் எனக்கு, வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? நான் அழுத அழுகையில் முன்வரிசையில் மூன்று பேர் மயங்கிவிட்டார்கள், ஒருவர் நிச்சயம். எனக்குப் படிப்பு அவ்வளவு ஓட்டமில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் ஒரு மாதம் சித்திதான் வசனத்தைப் படித்துப் படித்து என் மண்டையில் ஏற்றினாள், மேடையிலும் படுதா ஓரம் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு காட்சி முத்து முத்தாகப் போனது. மூன்றாவதில் நீதிபதி வேஷம் போட்ட பொத்தான்காரர் தீ யாரால் வந்தது என்று கேட்கிறார், எனக்கு வசனம் சுத்தமாக மறந்துவிட்டது. படுதா பக்கம் பார்க்கிறேன், உன் சித்தி தாள்களை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். ஆயிரம் பேர் முன்னால், சரி, இருநூறு பேர், கட்டின புருஷனை இப்படி நிற்க வைப்பாளா ஒருத்தி? ஒரு வரி, ஒரே வரி. வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன், "இஸ்திரிப்பெட்டிய அணைக்காமப் போனது நான்தான்." பொத்தான்காரர் பதறிப்போய், "யோவ், லாந்தர்யா" என்று கிசுகிசுத்தார். "இல்ல, இஸ்திரிப்பெட்டிதான்" என்றேன். முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

ஆமாம் மகளே, போன வருஷம் நூறு பள்ளிச் சட்டை கருகியது இஸ்திரி போடும் என்னால்தான். ஏற்கனவே இரண்டு முறை என்னை எச்சரித்திருந்தார்கள், மூன்றாவது என்றால் வேலை போய்விடும் என்று உன் சித்தி முந்திக்கொண்டு பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள். அதே கூடத்தில் மேற்பார்வை பார்த்தவளைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க உட்கார வைத்தார்கள், 'கருக்கி' என்று பேர் வைத்தார்கள், அவள் கை பட்டாலே ஆகாது என்று புதுத் துணியைத் தள்ளி வைத்தார்கள். அவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அவளுக்குப் பழைய இடம் கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை. இவ்வளவு செய்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். அவள் கேட்டது இவ்வளவுதான், "வசனத்த ஒரு நிமிஷம் மறந்தீங்க, சரி. இத எப்படிப் பதினோரு மாசம் மறந்தீங்க?" அதோடு சரி. அவள் மேல் இருந்த கோபம் இப்போது என் மேலேயே திரும்பிப் பற்றிக்கொண்டு எரிகிறது. சித்தி கவனமில்லாமல் சட்டையைத் தீய்த்துவிட்டாள் என்று அன்று நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியது அவள் கைதான். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லி நீ எழுதிய பதிலை எனக்குப் படித்துக் காட்டியதும் அவள்தான், குரல்கூட மாறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் என் கோணல் எழுத்தில் வருகிறது, மூன்று நாள் எழுதினேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நிறைவாக இரு. பதிலை அவள் பேருக்குப் போடு, கண்ணாடி விஷயத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டு மறக்காமல் ஒரு வரி எழுது. எனக்குப் படித்துக் காட்டச் சொல்லி மட்டும் எழுதாதே. அவளாகக் காட்டினால் காட்டட்டும்.

இப்படிக்கு,
சட்டையைக் கருக்கிய உன் சித்தப்பா