முபீனா பார்த்துக்கொண்டிருப்பாள்

தேனி

அம்மாவுக்கு ஷமீமாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அத்தா சுகமா?

விளக்கணைத்த பிறகு வார்டனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். காலையில் லேசாக மயங்கி விழுந்தேன், பயப்படாதீர்கள். விடுதியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவேன். பல நாள் அதற்குள் சோறு தீர்ந்துவிடும்.

"யாருடி உன்னைய இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று வார்டன் கேட்டார்.

"யாரும் சொல்லல மிஸ். எங்கம்மா அப்படித்தான் சாப்பிடுவாக."

இன்னொரு முறை விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். படிப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் முதலில் தட்டை நீட்டக் கை வரவில்லை.

கம்பத்திலிருந்து யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். தங்கச்சி முபீனா சாப்பிடும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் அம்மா. அவளும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

டார்ச் வெளிச்சம் வருகிறது.

ஷமீமா