பிக்கப் என்ற சொல்லும் என் இடது கையும்

ஜூன் 3
அந்தோணியார் மேல் ஆணை. இங்கே எழுதப்போவதை எந்த மனுசனும் நம்பமாட்டான். ஒரே ஒரு இங்கிலீஷ் சொல் என் வீட்டை ஆட்டிவைக்கிறது: பிக்கப்.

அக்கா மகள் லிடியா நர்ஸ். அயர்லாந்து போக இங்கிலீஷ் பரீட்சை. போன தடவை பேச்சில் கோட்டைவிட்டாள். இந்தத் தடவையும் தவறினால் அக்கா மாப்பிள்ளை பார்த்துவிடுவாள்.

"மாமா, ஸ்டேஷன்ல ஆளை ஏத்துனா பிக்கப். போனை எடுத்தா பிக்கப். பாஷை தானா ஒட்டிக்கிட்டாலும் பிக்கப். சளி தொத்துனாலும் அதேதானாம்!" அழாத குறை.

"அம்புட்டும் என் வண்டிப் பேரைத் திருடுனதுக" என்றேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டியின் சக்கரவர்த்தி நான்.

ஜூன் 4
பரீட்சையில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பாராம், இவள் விசாரிக்கணுமாம். நடிப்பா? பாஸ்கா நாடகத்தில் நான் யூதாசாகத் தூக்கு மாட்டியபோது பங்குச்சாமியாரே கயிற்றை அறுக்க ஓடிவந்தார்!

அவள் இங்கிலீஷில் கேட்டாள். நான் தமிழில் முனகினேன். "கொடைரோடு ரயில் வயித்துக்குள்ள நிக்காமப் போகுது சிஸ்டர். மாடி ஏறினா இடது கையில எறும்பு ஊருது."

சிரித்துக் கெடுத்துவிட்டாள்.

ஜூன் 6
இன்றைய வியாதி: கன்னிவாடி மலை நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கூடவே கை எறும்பு. லிடியா சிரிக்கவில்லை. இங்கிலீஷ் தடுக்கவும் இல்லை.

ஜூன் 7
தக்காளிப் பெட்டி தூக்க ஏலல. வெயில்தான் — வேறென்ன? அவ பரீட்சை முடியட்டும்.

ஜூன் 9
இன்று எனக்குப் பிரசவ வலி. பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, வியாதி தெனம் மாறுது. இடது கை மட்டும் ஏன் மாறல?"

"நடிப்பு, புள்ள."

"சட்டையப் போடுங்க. ஈசிஜி எடுக்கணும்."

"நாளான்னைக்குப் பரீட்சை. உக்காந்து படி."

"வாங்கன்னா வாங்க!"

அயர்லாந்துக்கே கேட்டிருக்கும்.

ஜூன் 12
நெஞ்சுக் குழாயில் அடைப்பாம்; ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. நேற்று லிடியா ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் ஏறிப் பரீட்சைக்குப் போனாள்.

ஜூலை 2
தேறிவிட்டாள். பரீட்சைக்கு வந்த நோயாளிக்கு நடிக்கவே தெரியவில்லையாம். "உடம்பு தேறுறதும் பிக்கப்தான் மாமா" என்கிறாள். இன்னும் ஒரு அர்த்தமா?

பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிறேன்: நெஞ்சைத் திறந்தார்கள், உள்ளே முப்பது பெட்டி தக்காளி.

அக்கா மட்டும் கிட்ட வந்து கேட்டாள். "பாஸ்கலு, அந்தக் கை எறும்பும் நீ விட்ட கதைதானேடா?"

"ஆமாக்கா."

அந்த எறும்பு மட்டும் நெசம்.