முழுக்கு

11-8-74, ஞாயிறு.

ஸ்டேஷன் பக்கத்துக் கொட்டகையில் மாட்னி பார்த்தேன். படம் சுமார்தான். வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்ட தம்பி வாசலில் நிற்கிறான். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் தம்பி சாகிறான். பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னா மன்சன்பா இந்த அண்ணன்காரன்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனேன். சாவுச் செய்தி கேட்டால் முழுகுவதுபோல், கட்டிய வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். என் மனைவி பத்மா சமையற்கட்டிலிருந்து வந்து பார்த்தாள்.

"ஏன்னா, யாரு போயிட்டா?"

"யாருமில்லை. படம் பார்த்தேன், வேர்த்தது."

"சினிமாவுல செத்தவாளுக்கெல்லாம் தீட்டு கிடையாது" என்றாள்.

அது எனக்குத் தெரியும். சாஸ்திரம் நன்றாகவே தெரியும். போன வருஷம் மீஞ்சூரிலிருந்து சேஷு இறந்துபோன கார்டு வந்தபோது, "எனக்கு ஏது தம்பி" என்று கிழித்துப் போட்டவன் நான்தான். அன்றைக்கு முழுகவில்லை. சாப்பிட உட்கார்ந்து, சாத்தமுதில் புளி தூக்கல் என்று குறைகூடச் சொன்னேன்.

தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். சற்று நேரத்தில் கிணற்றடியில் மறுபடி வாளிச் சத்தம் கேட்டது. பத்மாவும் முழுகிக்கொண்டிருந்தாள்.