சிறகியின் கால் வளையமும் தங்கத்தாய் கல்யாணமும்

சங்கரன்கோவில்,
விஜய வருஷம், ஐப்பசி 26

அன்பு மகன் காளிராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், மனசுதான் சுகமில்லை, அதற்கு நீயே காரணம். உனக்கு இருமல் விட்டதா, பம்பாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்று எழுது. மில் ஆபீஸ் வேலை போதாதென்று பறவை பார்க்கிற சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன், ஐப்பசி மழைக்கு நம் பக்கத்துக் குளங்களில் என்னென்ன பறவை வந்து இறங்குகிறது என்று அப்பா பார்த்து எழுதினால் உபகாரம் என்று நீ ஒரு கார்டு போட்டாலும் போட்டாய், அந்த மனுஷர் வீட்டில் தங்குவதே இல்லை. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைதான். பருத்திக்குக் களையெடுக்க ஆள் வந்து நிற்கிறதே என்று கூப்பிடப் போனால், 'ஏட்டி, சத்தம் போடாத, நாமக்கோழி பறந்துரும்' என்று என்னையே அடக்குகிறார்.

அதுகூடப் போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை தங்கத்தாயைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூர் குருசாமி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். மாப்பிள்ளை கோமதிநாயகம் நல்ல பையன், அப்பாவோடு விவசாயம் பார்க்கிறான். வெறுங்கையோடு வரக்கூடாதென்று அன்று காலையில் துப்பாக்கியால் சுட்ட இரண்டு சிறகி வாத்துகளைக் கொண்டுவந்திருந்தார்கள். பூவும் பழமும் கொண்டுவருகிற இடத்தில் இது என்ன வழக்கமோ, வாங்கிக்கொண்டேன். அடுக்களையில் வைக்கிறேன், உங்கப்பா பின்னாலேயே வந்து புரட்டிப் பார்க்கிறார். ஒன்றின் காலில் தகர வளையம், அதில் ஏதோ எழுத்தும் நம்பரும். வெளிநாட்டில் பறவையைப் பிடித்து இப்படி மாட்டிப் பறக்கவிடுவார்களாமே, நீதான் எழுதியிருந்தாயாம். அவ்வளவுதான், காப்பித் தட்டோடு நின்ற பெண்ணை விலக்கிவிட்டுப் பறவையும் கையுமாகக் கூடத்துக்கு ஓடி, 'அண்ணாச்சி, இது எந்தக் குளம்? எப்பம் சுட்டிய? கூட எத்தன கெடந்துச்சு?' என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்கிறார். வளையம் போட்டிருந்தால் யாரோ வளர்த்த பறவை, உடையவன் பிராது கொடுப்பான் என்று அண்ணாச்சி நினைத்துவிட்டார். 'பொண்ணு பாக்க வந்த எடத்துல என்னயக் களவாணி ஆக்குதீரா வே' என்று துண்டை உதறிக்கொண்டு போயேவிட்டார். நான் அழுதுகொண்டிருக்கிறேன், உங்கப்பா அந்த வளையத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினான். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவனோ உங்கப்பாவிடம், 'மாமா, சுட்டது எங்க ஐயா இல்ல, நாந்தான். எங்க ஊர்ப் பெரிய குளத்துல. அது எந்த தேசத்துலருந்து வந்துச்சுன்னு தெரியாம எனக்கு உறக்கமே வரல' என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற தங்கத்தாய், 'தெரிஞ்சிருந்தா சுட்டிருக்க மாட்டியளோ?' என்று கேட்டுவிட்டாள். பெண் பார்க்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! அவன் கதவுப் பக்கம் திரும்பி, 'மாட்டேன்' என்றான். உங்கப்பா எழுந்துபோய் அந்த வளையத்தை எடுத்துவந்து அவனுக்குக் காட்டினார்.

ஆக, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சம்மதம். குருசாமி அண்ணாச்சிதான் மசியவில்லை. அந்தப் பறவைக்கு உடையவன் எவனும் இல்லை, ஒரு கேஸும் வராது என்று உன் சங்கத்தார் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் தேதி வைப்பாராம். வளையத்தைப் பஞ்சில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். கார்த்திகையை விட்டால் மார்கழி, பிறகு தைக்குத்தான் முகூர்த்தம், ஆகையால் கடிதம் கண்ட அன்றே போய்க் கேள். இனி அப்பாவுக்குக் கார்டு போட்டால் சுகத்தை மட்டும் விசாரி. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். தங்கத்தாய் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பறவைக்கு எந்த ஊர் என்று மறக்காமல் கேட்டு எழுதச் சொல்லுகிறாள். எனக்கும் தெரிய வேண்டும்தான்.

இப்படிக்கு,
உன்னால் அல்லல்படும் அம்மா
சங்கரம்மாள்