கயிற்றிலிருந்து என்னைக் கழற்றிவிட்ட உங்களுக்கு

இன்று காலை பூட்ஸுக்கு மெழுகு பூசினேன். வருடக்கணக்கில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த தோல் வறண்டு, மடிப்புகளில் வெளுத்துப் போயிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய துணியில் தேன்மெழுகைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். மணம் எழுந்ததும், நோர்வேயின் ஸ்தொவ்னர் புறநகரில் நாம் சேர்ந்து மெழுகு பூசிய உங்கள் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உங்கள் ஆட்களும் அதையேதான் சொல்கிறார்கள். தமிழ்நாடும் யாழ்ப்பாணமும் தகராறில்லாமல் ஒத்துப்போகும் விஷயங்களில் இதுவும் ஒன்று. இருக்கட்டும். நான் கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு பனியாற்றின்மேல். பனியாற்றில் நடக்கப் பழக்கும் பயிற்சிக்கு வந்தவர்களில் நம் இருவரைத் தவிர எல்லோரும் நோர்வேக்காரர்கள். நீங்கள் கட்டட அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுபவர். நான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வந்தவள்; வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. "நீங்கள் பேசுறது படத்திலை கேக்கிற மாதிரி இருக்கு" என்றீர்கள். "நீங்க பேசறது எனக்குப் பாதி மலையாளம் மாதிரி இருக்கு" என்றேன். வெடிப்புக்குள் விழுந்தவரை மேலே இழுக்கும் பயிற்சியில் விழுந்தவராக உங்களைத்தான் இறக்கினார்கள். நீலப் பனிக்குள் தொங்கிக்கொண்டு, "தேத்தண்ணி இருந்தா முதல் அதை இறக்கிவிடுங்கோ" என்று நீங்கள் கத்தியதற்கு நான் சிரித்த சிரிப்பில் கயிறு கைநழுவப் பார்த்தது. பயிற்சி ஆசிரியர் என்னைத் திட்டினார். அன்றைக்கே நாம் சிநேகிதர்கள்.

அது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். தமிழர் வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. உங்கள் வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மலையைப் பற்றிப் பேசினோம். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிப்போம். உங்கள் அலுவலக நண்பர், அந்த நெடிய நோர்வேக்காரர், முழங்கை இரண்டையும் ஊன்றி அதன்மேல் கவிழ்ந்துவிடுவார். பெயர்பெற்ற சிகரங்களுக்குக் கோடையில் வரிசை கட்டிக்கொண்டு போகிறார்கள், நமக்கு அது வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே மனம். யூத்துன்ஹைமன் மலைகளில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் ஒரு சிகரத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதன் வடக்குச் சரிவு முழுக்கப் பனியாறு. மலையேறுபவர்கள் தங்கும் கடைசிக் குடிசையிலிருந்து ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் அதன் அடிவாரத்தைப் பிடிக்க முடியும். ஜூலையில் போனால் வெடிப்புகளைப் பழைய பனி மூடியிருக்கும், வேகமாக ஏறலாம் என்பது உங்கள் கட்சி. ஆகஸ்டில் போனால் வெடிப்புகள் திறந்து கிடக்கும், சுற்றிப் போனாலும் கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. மாசியில் தொடங்கிய அந்த வாதம் சித்திரை வரை ஓடியது.

உங்கள் மனைவியை நான் முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து களைத்து வந்தாலும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டுவந்து வைத்துவிட்டு நம்மோடு உட்காருவார். "ஒரு கயித்திலை மூண்டு பேர் எண்டால், ஒராள் விழ மற்ற ரெண்டு பேரும் சேந்து விழமாட்டினமோ?" என்று ஒருநாள் கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் விளக்கப் போய்க் குழப்பினோம். கடைசியில் சரியாகப் புரிந்துகொண்டு நமக்கே திருப்பிச் சொன்னவர் அவர்தான்.

உங்களை மட்டும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அண்ணா என்று சொல்லவில்லை. அது யாருக்காவது உறுத்தும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் மாதத்தில், குறொன்லாண்டில் நிலத்தடி ரயில் வாசலுக்கு வரச் சொன்னீர்கள். அங்கிருந்த தமிழர் காய்கறிக் கடையிலிருந்து நேராக வந்தேன். என் கையில் வாழைக்காயும் கறிவேப்பிலையும் இருந்தன. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு நடை காணாது. போன கிழமை காட்டுக்கை நடக்கேக்கையும் பாத்தனாங்கள்தானே, உங்களுக்காக நிண்டு நிண்டுதான் போக வேண்டியிருந்தது. பனியிலை அது ஆபத்து."

"குதிகால்ல கொப்புளம். அதுக்குத்தான் ரெண்டு தரம் உக்காந்தேன்."

"ஓம். ஆனாலும்."

"உங்க ஃப்ரெண்டும் அப்படித்தான் நினைக்கிறாரா?"

"ஓம். அவர்தான் முதல் சொன்னவர்."

நான் நம்பினேன். நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். எனக்குப் பதிலாக அலுவலகத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஜூலையில் ஏறினீர்கள். ஈமெயிலில் ஒரு படம் அனுப்பினீர்கள். மூன்று பேர், பின்னால் வெள்ளை, "நல்ல பனி" என்று ஒரு வரி. எப்படி மனசு வந்தது உங்களுக்கு? நான் பதில் போடவில்லை. அதன்பிறகு உங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

நீங்கள் அன்று சொன்னது என் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆய்வுக்கூடத்து ஆட்கள் ஞாயிறுகளில் காட்டுக்குள் நடக்கக் கூப்பிடுவார்கள். கிளம்பும்போதே, "நான் மெதுவாத்தான் வருவேன், நீங்க முன்னாடி போங்க" என்று சொல்லிவிடுவேன். ஒற்றையடிப் பாதையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்று வழி விடுவேன். குழந்தையைத் தோளில் சுமந்து வருபவர்களுக்கும் வழி விட்டிருக்கிறேன். நான் மெதுவானவள்தானா என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. மலை தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டாரே.

போன நவம்பரில் உங்கள் அலுவலகப் படிக்கட்டில் இதயம் நின்று விழுந்தீர்கள். செய்தி கேட்டதும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இறுதிச் சடங்கில் உங்கள் நெடிய நண்பர் என்னிடம் வந்து கைகொடுத்தார். "அந்த வருஷம் நீ பின்வாங்கியதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நம் மூவரில் தடுமாறாத கால் உன்னுடையது. உனக்குப் பதிலாக வந்தவரைக் கரை சேர்ப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது" என்றார்.

"நான் பின்வாங்கினேனா?"

"அப்படித்தான் சொன்னான். உனக்கு வேலை அதிகம், மனம் மாறிவிட்டது என்று."

பத்தடி தூரத்தில் நீங்கள் பெட்டிக்குள் படுத்திருந்தீர்கள். சுற்றிலும் சனம். என் கையில் பூ. எழுந்து உட்காரும் ஐயா, உட்கார்ந்து பதில் சொல்லும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பூவை உங்கள் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லோரும் போனபின் அக்காவோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன். அவர் தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பினார்.

"உமக்குக் கால் ஏலாதெண்டு சொன்னவரோ?"

"ஆமாக்கா."

"கடையிலை ஆரோ கதைச்சிருக்கினம். மனுசியை வீட்டிலை விட்டிட்டு இந்தியாக்காரியோடை மலைக்குப் போறார், அவள் அண்ணா எண்டும் கூப்பிடுறாளில்லை எண்டு. எனக்கும் வந்து சொன்னவை. நான் சிரிச்சனான். அவருக்குத்தான் அது மண்டைக்குள்ளை ஏறிட்டுது. உமக்கு வர மனமில்லையாம் எண்டு எனக்குச் சொன்னார். நீர் ஏன் பிறகு வரேல்லை எண்டு நான் உம்மிலை கோவிச்சுக்கொண்டிருந்தன்."

தண்ணீரைத் திரும்பத் திறந்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவர் குரலில் இருந்ததும் கோபம்தான்.

ஆக, மூன்று பேருக்கு மூன்று பொய். "ஊர் பேசுது, எனக்குப் பயமாக இருக்கு" என்று அந்த ரயில் வாசலில் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் உங்களைத் திட்டியிருப்பேன். பிறகு வேறு கயிறு தேடிக்கொண்டு அதே மலைக்கோ வேறு மலைக்கோ போயிருப்பேன். வெடிப்புக்குள் தொங்கிக்கொண்டு தேநீர் கேட்ட மனுசன், காய்கறிக் கடையில் நிற்பவர்களின் வாய்க்குப் பயந்திருக்கிறீர்கள். பயந்ததைக்கூட மன்னிப்பேன். அதை மறைக்க என் காலை எடுத்துக்கொண்டீர்களே, அதை மன்னிக்க எனக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நான் பிரயாசைப்படவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "அந்த மலை இப்பவும் அங்கைதானே நிக்குது?" என்று கேட்டார். இந்த ஜூனில் அவர் பனியாற்றுப் பயிற்சிக்குப் போகிறார். வேலைக்குப் போகும்போது இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்கிறார். ஊர் கதைக்காதா என்று கேட்டதற்கு, "கதைக்கட்டும். அவைக்கும் பொழுது போகவேணும்" என்றார். உங்கள் நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். "கயிறு என்னிடம் இருக்கிறது" என்றார். ஆகஸ்டில் போகிறோம். ஆம், ஆகஸ்டில். முன்னால் நடந்து பனியைக் குத்திப் பார்த்துப் போகப்போவது நான்.

போன ஞாயிறு மூவரும் என் வீட்டில் கூடினோம். உங்கள் நண்பர், ஏறும் வழியைப் பென்சிலால் வரையத் தொடங்கினார். நான் தடுத்தேன். "ஏறுவது இருக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது? அதை முதலில் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்றாலும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும்" என்றேன். "நல்ல கேள்வி" என்று அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில், மெல்ல, "இது அவர் கேக்கிற கேள்வி" என்றார்.

எனக்குத் தெரியாதா? அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அதிலிருந்துதான் தொடங்கினீர்கள். உங்களைப் போலத் திட்டமிடத் தெரிந்தவரை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை. அதனால்தான் கோபம் தீர மாட்டேன் என்கிறது.

"இல்லக்கா, என்னோடது" என்றேன்.

அவர் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "சரி, உம்மடைதான்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் உங்களுக்குத் திருப்பித் தருவதாக இல்லை.