வசந்தாவின் திறந்த கண்கள்

என் அருமை அண்ணனுக்கு,

நீங்கள் கோட்டக்குப்பத்துப் பாயிடம் சொல்லிவைத்த லென்ஸ் வந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். நீங்கள் இல்லை என்று சொன்னேன். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

கையில் எடுத்தால் படிக்கல் கனம். கண்ணாடியில் நாவல்பழத்தோல் நிறம். கேமராவில் பொருத்திப் பார்த்தேன். திண்டிவனத்தில் நம் ஸ்டுடியோவுக்குள் இவ்வளவு வெளிச்சம் இருந்ததை இத்தனை வருடம் யார் மறைத்துவைத்திருந்தார்கள், அண்ணா?

உங்கள் மகள் கதை உங்களுக்குத் தெரியும். ஃபிளாஷ் பல்பு வெடிக்கும் முன்பே வசந்தா கண்ணை மூடிவிடுவாள். பல்பு இல்லாமல் எடுத்தால் பழைய லென்ஸில் கரிதான் விழும். வெயிலில் நிறுத்தினால் தெருவே கூடிவிடும். நீங்கள் போனபிறகும் அவள் படம் ஜாதகத்தோடு ஊர் ஊராகப் போய்த் திரும்பிவந்தது. மயிலம் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மரியாதையாக, பெண்ணுக்குப் பார்வை உண்டா என்று கேட்டனுப்பினார்கள்.

இந்த முறை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பல்பு இல்லை.

"எப்ப சித்தப்பா எடுப்பீங்க?" என்றாள்.

"எடுத்துட்டேம்மா."

நம்பாமல் சிரித்தாள். அதையும் எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் இரண்டு கண்ணும் அப்படித் திறந்திருக்கின்றன. லென்ஸ் வாயை முழுக்கத் திறந்துவைத்த என் புத்தியால், காதிலிருந்து பின்னால் எல்லாம் மார்கழிப் பனியாய் மங்கல்.

அண்ணி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கம்மல் எங்கங்க தம்பி? அவங்க பாக்கட்டும்னுதானே கல்லுக் கம்மலா போட்டு உட்டேன்!"

"கம்மலையா கட்டிக்கினு போப்போறாங்க?" என்றாள் வசந்தா. "சித்தப்பா, இதையே அனுப்புங்க."

விழுப்புரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். அன்றிலிருந்து தபால்காரர் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். படம் திரும்பி வரவில்லை. தரகர்தான் வந்தார்.

"மாப்ளையோட அம்மா ஒரே பேஜாரு. கம்மல் தெரிலியாம். திருப்பி அனுப்புடான்னா, பையன் படத்த ஜோபில வெச்சிக்கினு தர மாட்டேங்கறான்."

"இப்ப என்னங்க முடிவு?"

"கம்மலப் பாக்க வெள்ளிக்கிழம நேர்லயே வர்றாங்க."

அண்ணி கம்மலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசந்தா ஜன்னலைத் துடைக்கிறாள். உங்களுக்கு அங்கிருந்து தெரிகிறதா?

முகூர்த்தம் கூடிவந்தால், குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே எடுத்துவிடுவேன். தாலி ஏறும்போது உங்கள் மகள் கண் திறந்திருக்கும். அந்தப் படம் உங்கள் படத்துக்கு எதிர்ச்சுவரில், நீங்கள் பார்க்கும்படி இருக்கும். இது சத்தியம்.

பல்புப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்ட,
உங்கள் தம்பி