சிவப்புப் புள்ளி வைத்த திருகு

பாப்பாவுக்கு,

நீ கோயம்புத்தூர் போன இந்த ரெண்டு மாசமாக நம்ம பழைய கார் சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நானே பானெட்டைத் திறந்தேன். நிலக்கரி மைன்ஸ் ஊர் வண்டி, ஏர் ஃபில்டரில் கரித்தூள் அப்பியிருக்கும் என்று நினைத்தேன். சுத்தமாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கும் புதுசு.

அம்மாவைக் கேட்டேன். "நீங்க ஷிப்டுக்கு பஸ் ஏறினதும் பாப்பாதான் திறந்து வச்சிகினு உக்காருவா. மூணு வருஷமா," என்றாள்.

அந்த மூணு வருஷமும் என் வண்டி மக்கரே பண்ணாது என்று எல்லாரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். மெக்கானிக்கல் படிப்பு கேட்ட உன்னை பி.காம் சேர்த்ததும் நான்தான். ஒர்க்‌ஷாப் வேலைக்கு நீ கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரவில்லை.

கார்புரேட்டரில் ஒரு திருகுக்கு நெயில்பாலிஷில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாயே, அது எதற்கு? அதுவரைக்கும்தான் திருப்பணுமா? எப்படித் திருப்பினாலும் எனக்கு எஞ்சின் சத்தம் ஒரே மாதிரிதான். உனக்கு மட்டும் அதில் என்ன கேட்கிறது?

போனில் கேளுங்கள் என்கிறாள் அம்மா. போனில் சொன்னால் எனக்குப் புரியாது. லீவு கிடைத்தால் வா. நீ திருப்பு, நான் டார்ச் பிடிக்கிறேன்.

அப்பா